காலில் இருந்த மச்சம்

முப்பத்தைந்து வருடம் புடவை விற்றவன் நான். தி. நகரில் ஒரு பெரிய கடை. மூன்றாவது மாடியில் முகூர்த்தப் பட்டுப் பிரிவு. வாங்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் எதிரே வெள்ளை விரிப்பு போட்ட மேடையில் வெறுங்காலோடு நின்று, மண்டியிட்டு, உட்கார்ந்து, புடவையைப் பிரித்துப் பிரித்துப் போடுவோம். மேல் தட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அலமாரியின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி எம்ப வேண்டும். அப்போது இன்னொரு காலின் அடிப்பாகம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு நேராக வரும். என் குதிகாலை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் என் வாடிக்கையாளர்கள்தான்.

ஒரு தை மாதம், மகளோடு கல்யாணப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள், நான் அப்படி எம்பியபோது, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க" என்றார்.

ஏதோ ஒரு புடவை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். "எதும்மா, அந்த அரக்கா? பக்கத்துல மயில்கழுத்தா?"

"புடவை இல்ல. உங்க கால். அந்தக் கறுப்பு எத்தனை நாளா இருக்கு?"

"அது பொறந்ததுலேர்ந்து இருக்குற மச்சம்மா" என்றேன், இறங்கிக்கொண்டே.

அது உண்மையில்லை. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் குளிக்கும்போது மிளகு அளவில் பார்த்தேன். ஏதோ குத்தி இரத்தம் கட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு அது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் மைக்கறுப்பும் மறுபக்கம் நாவல்பழ நிறமுமாக இருந்தது.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து பேனா எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். "நான் தோல் டாக்டர். விளையாட்டா எடுத்துக்காதீங்க. என்கிட்டதான் வரணும்னு இல்ல. யார்கிட்டயாவது இந்த வாரமே காட்டுங்க."

மகளுக்குக் கூச்சமாகிவிட்டது. "அம்மா, இங்கயுமா?" என்று அவர் முழங்கையை இழுத்தாள். எனக்கும் கூச்சம்தான். பக்கத்துப் பிரிவுப் பையன்கள் பார்க்கிறார்களே என்று காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த புடவையைப் பிரித்தேன்.

அது கல்யாண சீசன். தையிலும் மாசியிலும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. காகிதம் சட்டையோடு துவைத்துப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் சம்பந்தி வீட்டாருக்குப் புடவை எடுக்க மறுபடி வந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"காட்டினீங்களா?"

"காட்டியாச்சும்மா. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"பயாப்ஸி எடுத்தாங்களா?"

அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். இருந்தாலும் தலையை ஆட்டினேன். அவர் முகம் தெளிந்தது. "நல்லவேளை. மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார். புடவைக் கடைக்காரன் வாயில் பொய்க்குப் பஞ்சமில்லை. இந்த நிறம் உங்களுக்காகவே நெய்ததும்மா என்று ஒரே நாளில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் அன்றைக்கே மறந்துபோகும். இந்தப் பொய் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் வெள்ளை விரிப்பில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. நான் நகர்ந்த இடத்திலெல்லாம் விழுந்தது. எதிரே இருந்த குடும்பம் பார்ப்பதற்குள் ஒரு கிளிப்பச்சைப் புடவையை அதன்மேல் விரித்துவிட்டு, "முந்தியைப் பாருங்கம்மா" என்றேன். மறுநாள் காலையில் விடுப்பு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒரு துளி சதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து இளவயது டாக்டர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மெலனோமான்னு சொல்வாங்க. தோலுக்கு நிறம் கொடுக்குற செல்லுல வர்ற புற்றுநோய்."

"கால்லயா டாக்டர்?"

"நம்ம ஊர்ல பெரும்பாலும் கால்லதான் பாக்குறோம். யாரும் அடிக்கால திருப்பிப் பாக்குறதில்ல. அதனால லேட்டாத்தான் வர்றாங்க."

குதிகாலில் சதையை வட்டமாக எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலெடுத்து வைத்துத் தைத்தார்கள். தொடை இடுக்கில் நெறிக்கட்டிகளை எடுத்ததில் ஒன்றில் நோய் இருந்தது. கடையில் எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்ட மேலாளர் அண்ணாச்சிதான் எனக்காகக் கையெழுத்துப் போட்டார். அவரிடமும் கட்டி என்றுதான் சொன்னேன். "கட்டிக்கு எதுக்குடே இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு மனைவி உண்டு. அப்போதே பிரிந்து சில வருடம் ஆகியிருந்தது. அவள் வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தனியாக இருந்தாள். கோர்ட்டுக்கும் போகவில்லை, சண்டையும் போடவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. நான் காலை ஒன்பதுக்குப் போய் ராத்திரி பத்துக்கு வருவேன். பகலெல்லாம் பெண்களோடு பேசிப் பேசி வாய் வற்றிப் போயிருக்கும். வீட்டில் அவள் எது கேட்டாலும் "ம்". பதினோரு வருடம் அந்த 'ம்'மோடு குடித்தனம் நடத்தினாள். பிறகு ஒரு சனிக்கிழமை, "நான் கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்குறேன்" என்றாள். அதற்கும் நான் "ம்" என்றுதான் சொன்னேன். மந்தைவெளியில் மாடிப் போர்ஷனில் நான் மட்டும் இருந்தேன்.

கால் ஆறியது. லேசாக விந்தி நடந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். இரண்டு வருடம் தவறாமல் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு தீபாவளி நெருக்கத்தில் ஒரு முறை தவறியது. அடுத்த முறை நானாகவே தவறவிட்டேன். ஒன்றும் இல்லை என்று கேட்பதற்காக எதற்கு ஒருநாளை வீணாக்குவது என்று தோன்றியது. அந்த வருடமே அண்ணாச்சியும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வருடம் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் மூச்சு நின்றுபோவதுபோல் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. "வெளுத்துப் போயிருக்கீங்க அண்ணே" என்றாள் கடையில் பில் போடும் பெண். தெருமுனை கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. மாத்திரையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது? சாப்பிட்டு அரைமணியில் தொப்புளைச் சுற்றி வலி வரும். அலைபோல் ஏறி, ஒருநிமிடம் நின்று, இறங்கும். மதியச் சாப்பாட்டை நிறுத்தினால் வலி வராது என்று கண்டுபிடித்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அப்படியே மூன்று மாதம் ஓடியது.

கிளினிக் டாக்டர் ஒருமுறை கேட்கத்தான் செய்தார். "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"கால்ல ஒரு மச்சம் எடுத்தாங்க சார்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நானும் மேற்கொண்டு சொல்லவில்லை. காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்போம்.

கடைசியில் ஒருநாள் எதிரே வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே வாந்தி வந்து ஓடினேன். அன்றுதான் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். பரிசோதனை முடிந்து, மயக்கம் தெளிந்து உட்கார்ந்ததும் அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க இரைப்பை."

இளஞ்சிவப்புச் சுவர். ஈரமாக மினுங்கியது. அதில் மை தெளித்ததுபோல் நாலைந்து கரும்புள்ளிகள்.

"உடம்புல எங்கயாவது மச்சம், மரு எடுத்திருக்கீங்களா?"

நான் இடது செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி வலது முழங்கால்மேல் வைத்துக் காட்டினேன். தொடைத்தோல் ஒட்டிய குதிகாலை அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கேனில் மற்றதும் தெரிந்தது. சிறுகுடலில் ஒரு கட்டி. கல்லீரலில் இரண்டு இடம். அறுவை சிகிச்சை டாக்டர், ஐம்பது வயதிருக்கும், பொறுமைசாலி, ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி வரைந்து காட்டினார். "குடலுக்கு இது கட்டின்னு தெரியாது. சாப்பாடுன்னு நெனச்சு முன்னால தள்ளுது. தள்ளும்போது கட்டியோட சேர்ந்து குடலே அடுத்த பகுதிக்குள்ள நுழைஞ்சிடுது. அப்புறம் வெளியில வருது. அதான் வலி வந்து வந்து போகுது. ஒருநாள் வெளியில வராம மாட்டிக்கும். அதுக்குள்ள எடுத்துடணும்."

"எடுத்துட்டா சரியாயிடுமா சார்?"

"அடைப்பு போகும். ரத்தம் கசியுறது நிக்கும். நோய் இருக்கும். அதுக்கு மருந்து தனியாக் கொடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "தோல்ல வர்ற இந்த நோய்க்குக் குடல் பிடிச்ச இடம். எத்தனையோ வருஷம் கழிச்சுக்கூடப் போய் உக்காரும்" என்றார்.

அந்தத் தோல் டாக்டர் அம்மாளை நினைத்துக்கொண்டேன். அந்தத் தையிலேயே போயிருந்தால் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அட்மிஷன் மேசையில் இருந்த பெண், "கூட யார் வந்திருக்கா?" என்றாள்.

"யாரும் வரல."

"யாரும் இல்லாம எப்படி சார்? ஆபரேஷனுக்கு சொந்தக்காரங்க கையெழுத்து போடணும். நாளைக்குக் காலையிலயாவது வரச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். அதில் அறுநூறு பேருக்குமேல் இருந்தார்கள். அடையாறு மாமி, ஆவணிக் கல்யாணம். ஆழ்வார்பேட்டை மாடி வீட்டம்மா. மயிலாப்பூர் ஒன்பது கஜம். சிங்கப்பூர் அக்கா, வெளிர்நிறம் மட்டும். புதுச்சரக்கு வந்தால் படம் அனுப்புவேன், அழகாக இருக்கிறது என்று பதில் வரும். தள்ளிக்கொண்டே போனேன். கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை.

ஊரில் அக்கா இருக்கிறாள். அத்தான் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடே, இந்த நேரத்துல? கடை லீவா?"

"ஆமாக்கா. லீவு."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"இங்க அத்தானுக்கு சளி. நான் அப்புறமா பேசுதேன், என்ன?"

சரி என்றேன். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

மனைவியின் எண் பழைய பெயரிலேயே, 'வீடு' என்று இருந்தது. ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது பற்றி இரண்டு வருடம் முன்பு அனுப்பிய செய்திதான் கடைசி. நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு? கார்டு வேலைதான் முடிஞ்சுதே."

"ஆஸ்பத்திரியில." அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "குடல்ல ஆபரேஷன். நாளைக்கு."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம். அது அடங்கியதும், "எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி?" என்று கேட்டாள்.

காலையில் ஆறரைக்கே வந்துவிட்டாள். முதல் ரயிலில் ஏறி, இறங்கி ஆட்டோ பிடித்திருக்கிறாள். முன்தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில், நான் எவ்வளவு இளைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

நர்ஸ் படிவத்தை என் மனைவியிடம் கொடுத்தாள். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் படித்தாள். நோயின் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது.

"இது எப்ப வந்துச்சு?"

"மூணரை வருஷம் ஆச்சு. முதல்ல கால்ல."

"எனக்குச் சொல்லவே இல்ல."

"என்னன்னு சொல்றது?"

"கால்ல ஆபரேஷன்னு சொல்றது. அதுல என்ன கஷ்டம்?" குரலை உயர்த்தவில்லை. மறுபடி படிவத்தில் குனிந்தாள். "இங்க உறவுமுறைன்னு கேட்டிருக்காங்க. என்ன எழுத?"

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உண்மை எதுவோ அதை எழுது" என்றேன்.

அவள் 'மனைவி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினாள். என் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது கூடவே கதவுவரை வந்தாள். கையைப் பிடிக்கவில்லை. என் சட்டை, கைபேசி, செருப்பு வைத்திருந்த பையை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாகக் குடலை எடுத்துவிட்டுத் திருப்பித் தைத்தார்களாம். கண்விழித்தபோது மூக்கில் குழாய், வயிற்றில் நெருப்பு. அவள் சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தினமும் காலையில் வந்து சாயங்காலம் போனாள். எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. மூன்றாம் நாள், தண்ணீர் கொடுக்கலாம் என்றதும், ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தாள். நாலாவது ஸ்பூனில் திடீரென்று கேட்டாள்.

"உங்க கடைக்கு ஒருநாள் வந்தேன், தெரியுமா?"

"எப்ப?"

"நான் தனியாப் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. தங்கச்சிக்குப் புடவை எடுக்கணும்னு. உங்ககிட்ட சொல்லல. மாடி ஏறி வந்தா நீங்க ஏழெட்டுப் பொம்பளைங்களுக்கு நடுவுல நின்னு பேசிக்கிட்டிருந்தீங்க. புடவைய உங்க தோள்ல போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அவங்களும் சிரிச்சாங்க. நான் தூண் பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் பாத்தேன். யாரு இந்த ஆளுன்னு இருந்துச்சு."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா, வீட்டுல இருக்குற ஆளா மாறிடுவீங்களேன்னு வந்துட்டேன்."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்து மூடினாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. தையல் இழுத்து வலித்ததால் அழவும் முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் கண்ணீரை நான் பார்க்கக் கூடாது என்பதற்காகவா, என் அழுகையை அவள் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வதற்காகவா என்று தெரியாது.

டிஸ்சார்ஜ் அன்று மந்தைவெளி வீடுவரை வந்து, மாத்திரைகளைப் பிரித்து வைத்து, ரசம் வைத்துவிட்டுப் போனாள். செருப்பு போட்டுக்கொண்டே, "ஏதாவதுன்னா ஃபோன் பண்ணுங்க" என்றாள். படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றேன். இங்கேயே இரு என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கீழே கேட் சாத்தும் சத்தம் வந்துவிட்டது.

கடை வேலையை விட்டேன். அதன்பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் பேசியே பிழைத்தவன். ஒருநாள் கூரியர் கொண்டுவந்த ஆளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை. இருமி, தொண்டையைச் செருமி, பெயரைச் சொன்னேன். முந்தாநாள் மத்தியானத்திலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் கணக்கு வந்தது. இட்லி இரண்டு, மோர்சாதம் ஒரு கிண்ணம், நாலைந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டதும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வலி வராது. வராத வலிக்காகவும் அரைமணி காத்திருப்பேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து என்றார்கள். டாக்டரே ஏதோ உதவித் திட்டத்தில் எழுதிச் சேர்த்துவிட்டார். சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட அறை. கையில் ஊசி ஏற்றி, மருந்து இறங்கும்வரை இருக்க வேண்டும். எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் என் பை இருக்கும்.

இரண்டாவது தடவை போனபோது அடுத்த நாற்காலியில் ஓர் அம்மாள். கறுத்த, உறுதியான கைகள். தலையில் துணி கட்டியிருந்தார். அவருக்கும் கூட யாரும் வரவில்லை. ஊசி போட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாண்ணா, உனுக்கு எங்க கீது?"

"வயித்துல."

"எனுக்கும் வயித்துலதான். இரைப்பையாம். உனுக்கும் அதானா?"

"இல்லம்மா. எனக்குக் கால்ல மச்சம் இருந்துச்சு. அது வயித்துக்குப் போயிருச்சு."

அவர் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். "மச்சமா? கால்ல இருந்த மச்சம் வயித்துக்கு எப்டிண்ணா நடந்து போச்சு?"

நான் சிரித்துவிட்டேன். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நர்ஸ் வந்து கை அசைக்கக் கூடாது என்று திட்டினாள்.

அவர் ஊரூர் குப்பத்துக்காரர். மீன் விற்கிறவர். மகன்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், மருமகளுக்குக் கைக்குழந்தை, அதனால் பஸ்ஸில் தனியாகவே வருகிறார். "கூட வர்றேன்னுதான் சொல்லுதுங்க. நான்தான் வாணாம்னுட்டேன். இங்க வந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு குந்தினா எனுக்கு அதப் பாக்கத்தான் வேலயா?" அவர் பேசிக்கொண்டே இருப்பார். எந்த மீன் எந்த மாதத்தில் ருசி, யார் வீட்டில் பேரம் அதிகம், எல்லாம். நான் புடவைக் கதைகள் சொன்னேன். விற்பதற்காக இல்லாமல் நான் பேசியது அந்த நாற்காலியில்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது தடவை அவர் வரவில்லை. ஆறாவது தடவையும் அந்த நாற்காலியில் வேறு யாரோ. நர்ஸிடம் கேட்டேன். "வேற நாளுக்கு மாத்தியிருப்பாங்க சார்" என்று பார்க்காமலே சொன்னாள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை பஸ் ஏறி பெசன்ட் நகரில் இறங்கிக் குப்பத்துக்கு நடந்தேன். எதைக் கேட்கப் போகிறோமோ என்றிருந்தது.

படகுகளுக்கு இந்தப் பக்கம், குடைக்குக் கீழே, பலகையில் மீனைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் லேசாக முடி முளைத்திருந்தது. நான் எதிரே போய் நின்றேன்.

"வஞ்சரம் கீது, சங்கரா கீது. இன்னா வேணும்?"

"என்னைத் தெரியலையாம்மா?"

உற்றுப் பார்த்தார். நாற்காலியில் சாயாமல், கையில் ஊசி இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை அல்லவா? "ஐய, மச்சத்து அண்ணனா!" என்றார். பக்கத்தில் இருந்த பெண்களிடம், "இவரு கால்ல இருந்த மச்சம் வயித்துக்குப் பூட்ச்சுடி" என்று அறிமுகம் செய்தார். அவருக்கு ஊசியெல்லாம் முடிந்து, அடுத்து ஆபரேஷனுக்கு நாள் சொல்லியிருந்தார்கள். "சொல்லிக்கினு வர்லாம்னு பாத்தேன். உன் நம்பரு என்கிட்ட ஏது?" அன்று ஒரு படகின் நிழலில் அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு, எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை அவர் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடவில்லை. எண் இருக்கிறது.

போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. கல்லீரலில் ஒன்று மறைந்துவிட்டது, இன்னொன்று பாதியாகியிருக்கிறது, மறுபடி குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புள்ளிகள் வெளிறியிருக்கின்றன. "குணம்னு இப்ப சொல்ல மாட்டேன். கேக்குதுன்னு சொல்லலாம்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியை விட்டு ஆழ்வார்பேட்டை சாலைக்கு வந்தேன். நல்ல வெயில். சிக்னலில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் நிற்பது, கெட்ட செய்தியோடு நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கெட்ட செய்தியை மறைக்க எனக்கு நன்றாகத் தெரியும். மற்றது பழக்கமில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் பாதி வழியில் அவளே கூப்பிட்டாள்.

"மீட்டிங்ல இருந்தேன். என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. ஸ்கேன் வந்துச்சு. சின்னதாயிருக்காம். ஒண்ணு இல்லவே இல்லையாம்."

"நெசமாவா?"

"ஆமா. டாக்டர் படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். முதல்ல எனக்கு வித்தியாசம் தெரியல. அப்புறம் விரலை வெச்சுக் காட்டினார். பட்டாணி அளவு இருந்தது மிளகு மாதிரி ஆயிடுச்சு. நாலு மாசத்துல. அப்புறம் அந்தக் குப்பத்தம்மா, உன்கிட்ட சொன்னதில்ல, கூட ஊசி போட்டுக்கிட்டவங்க, அவங்களும் நல்லா இருக்காங்க. போய்ப் பாத்தேன்."

நான் பேசிக்கொண்டே போனேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. அவள் குறுக்கிடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று கேட்டேன்.

பஸ் திரும்பியதால் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இந்த ஞாயிறு முடியாது. ஸ்கூல்ல விழா" என்றாள். "பாக்கலாம். நான் சொல்றேன்."

"சரி."

"சாப்ட்டீங்களா?"

"இனிமேதான்."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று வைத்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தேன். பிறகு, யாராவது வந்தாலும் வரலாம் என்று இன்னொரு அரை டம்ளர் போட்டேன். யாரும் வரவில்லை. ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டேன்.